ஒறம்பரைக்கு ஒரு முறம்

எங்கள் ஊரில் ஒருவனுக்குக் கெட்டது நடந்துவிட்டால் அவனைத் தனியாக விடமாட்டார்கள். இதைப் பெருமையாகவும் சொல்லலாம், எரிச்சலாகவும் சொல்லலாம். நான் எரிச்சலாகத்தான் சொல்கிறேன்.

கிணத்துக்கடவுக்கு மேற்கே எங்கள் தோட்டம். தென்னை, கொஞ்சம் கடலைக்காய்க் காடு, ஒரு பழைய கிணறு. மாசி மாதம் தண்ணீர் கீழே போனதால் மோட்டாரை இன்னும் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் சென்னியப்பனும் மெக்கானிக் யூனுஸும் கிணற்றுக்குள் இறங்கினார்கள், மேலே கயிறு பிடிக்க இரண்டு ஆள் நின்றார்கள். நான் அன்றைக்குப் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிணற்றின் பக்கச் சுவரில் கட்டியிருந்த கல் சரிந்து யூனுஸ் அடியில் போய்விட்டார். இவர் பைப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். தீயணைப்புக்காரர்கள் வந்து கயிறு விட்டு இவரை உயிரோடு தூக்கினார்கள். யூனுஸை அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள், உயிர் இல்லாமல்.

யூனுஸை மெக்கானிக் என்று மட்டும் சொன்னால் போதாது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவர் இவரை "மாப்ள" என்பார். மோட்டார் கெட்டாலும் வருவார், கெடாவிட்டாலும் வருவார், டீ குடிக்க.

இவருக்கு முழங்கையில் தோல் உரிந்திருந்தது, தோளில் ஒரு பிடிப்பு. அவ்வளவுதான். "சாமி புண்ணியம், ஒண்ணும் ஆகல" என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் ஒறம்பரை வர ஆரம்பித்தது. சொந்தக்காரர், தெரிந்தவர், வீடு தேடி வருகிறவர் எல்லாரையும் சேர்த்து எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு ஆரஞ்சு, ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு விசாரிக்க வருவார்கள். வராமல் இருந்தால் பெயர் கெட்டுவிடும். "சென்னியப்பன் கெணத்துக்குள்ள கெடந்து வந்தான், ஒரு எட்டு எட்டிப் பாக்கல" என்று எத்தனை வருசம் கழித்தும் கல்யாண மண்டபத்தில் வைத்துச் சொல்லிக்காட்டுவார்கள். அதனால் எல்லோரும் வந்தார்கள். சூலூரில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தார்கள். துடியலூரில் இருந்து காரில் வந்தார்கள். இவரை அதுவரை பார்த்தே இராதவர்களும் வந்தார்கள்.

வந்தவர்களை உட்கார வைத்து நடத்தும் பொறுப்பை இவருடைய சித்தப்பா, காளிச்சாமி மாமா, தானாகவே எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு ஒரு வீட்டில் நாலு பேர் கூடியிருந்தால் அது கல்யாணமா துக்கமா என்பது முக்கியமில்லை, தான் முன்னால் நிற்க வேண்டும். வந்தவருக்கு நாற்காலி போடுவார், என்னைப் பார்த்து "அம்மணி, டீ" என்பார், உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

"சென்னீ, இங்க வா சாமி. இவிய சூலூர்ல இருந்து வந்திருக்காங்க. எப்புடி ஆச்சுன்னு சொல்லு."

இவர் வந்து சொல்வார். சொல்லமாட்டேன் என்று சொல்லும் வாய் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. அதுவும் இரண்டு பஸ் மாறி வந்தவரிடம். முதலில் திக்கித் திக்கிச் சொன்னார். போகப்போக அது வழவழவென்று வந்தது. ஒரே வார்த்தைகள், ஒரே வரிசை. "கல்லு சரிஞ்சுருச்சுங்க. நா பைப்பப் புடிச்சுட்டனுங்க. யூனுஸு கீழ போயிட்டானுங்க." தன் சிநேகிதன் செத்ததைச் சொல்லும்போதும் அந்த மனுசன் ஒரு 'ங்க'வை விடவில்லை.

"அப்பறம்?" என்பார்கள்.

"அப்பறம் வண்டி வந்துருச்சுங்க" என்பார்.

"தைரியமான மனுசன்" என்று மெச்சிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, "வெசனப்படாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர்கள் பஸ்ஸுக்குப் போவார்கள். இவர் எழுந்து உர மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் சுவரைப் பிடித்துக்கொள்வார். கிழக்குப் பக்கம், கிணறு இருக்கிற பக்கம், திரும்பியே பார்க்கமாட்டார். தூக்கம் போய்விட்டது. டீயும் நின்றுபோனது. வந்தவர்களோடு சேர்த்து அவருக்கும் ஒரு டம்ளர் வைப்பேன், அதைத் தள்ளி வைத்துவிடுவார். வயிறு சரியில்லை போல என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

யூனுஸ் வீட்டுக்கு மட்டும் இவர் போகவே இல்லை. நானும் மாமாவும் போய் வந்தோம். "நாளைக்குப் போலாம்" என்பார். அந்த நாளை வரவில்லை.

ஒரு நாள் காலையில் தட்டில் இட்லியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

"கோகிலா, இந்தத் தோட்டத்த வித்துப்போட்டு எங்கயாச்சும் போயிரலாமா?"

"எங்கீங்க போறது? புள்ள யுவஸ்ரீ படிப்ப முடிக்க வேண்டாமா?"

"அப்ப நீங்க ரெண்டு பேரும் இருங்க. நா மட்டும் போறன்."

எங்கே என்று சொல்லவில்லை. அன்றைக்கே தென்னைக்கு அடிக்கிற மருந்து டப்பாக்களை எல்லாம் சாக்கில் கட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்துப்போட்டு வந்தேன். கொஞ்ச நாள் இங்கே வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் ஏன் என்று கேட்கவில்லை. அதற்கு இன்றைக்கும் நன்றி.

கோயமுத்தூரில் படிக்கிற என் மகள் யுவஸ்ரீ அங்கே ஒரு மனநல டாக்டரிடம் நேரம் வாங்கினாள். "பைத்தியத்துக்குப் பாக்கற ஆஸ்பத்திரிக்கா?" என்று காளிச்சாமி மாமா குதித்தார். தண்ணிக்குள்ளே பயந்திருக்கிறான், மந்திரித்தால் போதும் என்றார். சரி, அதையும் செய்தோம். திருநீறு போட்டுக் கறுப்புக் கயிறு கட்டினார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன், அன்றைக்குக் கொஞ்சம் கண் அசந்தார். ஆனால் மறுநாள் நாலு பேர் விசாரிக்க வந்தார்கள், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மாமாவிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டோம்.

டாக்டர் சின்னப் பெண். பெயர் நந்திதா. இவர் போய் உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கல்லு சரிஞ்சுருச்சுங்க" என்று ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது இப்ப வேண்டாங்க. உங்களுக்குத் தோணும்போது சொல்லுங்க. தோணாட்டியும் பரவால்ல. காலைல என்ன சாப்பிட்டீங்க?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளில் அவரை எதுவும் சொல்லவேண்டாம் என்றது இவள் ஒருத்திதான். எப்போது தூங்குகிறார், எந்தச் சத்தத்துக்கு நெஞ்சு அடிக்கிறது, எங்கே உட்கார்ந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது என்றெல்லாம் கேட்டாள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்றும் நேராகவே கேட்டாள். "தோணிச்சுங்க" என்றார் இவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அவர் வாயிலிருந்து அது வெளியே வந்ததே எனக்குப் பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

பிறகு என்னிடம் சொன்னாள். "ஆபத்து முடிஞ்சு போச்சுன்னு அவர் புத்திக்குத் தெரியுங்க. உடம்புக்கு இன்னும் தெரியல. அதனாலதான் மோட்டார் சத்தம் கேட்டா அது நடுங்குது. இது கோழைத்தனம் இல்ல, பைத்தியமும் இல்ல. காயம். ஆறும், நாளாகும். வர்றவங்க எல்லாம் சொல்லு சொல்லுன்னு கேக்கறாங்கல்ல? ஒவ்வொரு வாட்டியும் அவரைத் திரும்பக் கெணத்துக்குள்ள இறக்கி விட்டுட்டுப் போறாங்க. அதை மொதல்ல நிறுத்துங்க."

"அப்ப அவரு பேசவே வேண்டாங்களா?"

"அவரா பேசினா கேளுங்க. குறுக்க பேசாதீங்க. ஆறுதல் சொல்லணும்னுகூட இல்ல. கூட இருந்தாப் போதும். தினமும் ஏதாச்சும் கை வேலை இருந்தா நல்லது."

தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, மறுபடி வரச் சொன்னாள். குறுக்கே பேசாதே என்று என்னிடம் சொல்வது கோழியிடம் கிளறாதே என்று சொல்வது மாதிரி. இருந்தாலும் சரி என்று தலையாட்டினேன்.

நிறுத்து என்று சொல்வது சுலபம். எங்கள் ஊரில் வந்து அதைச் செய்து பார்க்கட்டும். முதலில் வாசலிலேயே நின்று, "தூங்கறாருங்க" என்று பொய் சொல்லிப் பார்த்தேன். "தூங்கட்டும் அம்மணி, எந்திரிக்கற வரைக்கும் இருக்கறம்" என்று உட்கார்ந்துவிட்டார்கள். "ஆரையும் பாக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லீட்டாங்க" என்றேன். "நாங்க என்ன ஆராச்சுமா?" என்றார்கள். காளிச்சாமி மாமாவுக்கு முகமே கறுத்துவிட்டது.

"ஒறம்பரைய வாசல்ல நிக்க வெச்சு அனுப்பற பழக்கம் நம்மூட்டுல இல்ல, கோகிலா."

"உங்க பழக்கத்துக்கு என்ற புருசனக் குடுக்க முடியாதுங்க மாமா" என்றேன். அதற்கப்புறம் அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் நஞ்சம்மாள் அக்கா வந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கத் தோட்டம்தான், நடந்ததை ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டாயிற்று. நான் முன்வாசலில் சாக்கை விரித்து விதைக்குக் கடலைக்காய் தொலித்துக்கொண்டிருந்தேன். சித்திரை மழைக்கு விதைக்க வேண்டும். விதைக் காயை மிஷினில் போட்டால் பருப்பின் தோல் உரிந்துவிடும், முளைக்காது, கையால்தான் தொலிக்க வேண்டும். இவர் தூணோரம் உட்கார்ந்திருந்தார். நஞ்சம்மாள் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஏஞ்சாமி, உள்ளுக்குள்ள இருட்டா இருந்துச்சா?" என்று ஆரம்பித்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு முறத்தில் காயை அள்ளிப் போட்டு அப்படியே அக்கா மடியில் வைத்தேன். வைத்தேன் என்ன, எறிந்தேன் என்றே சொல்லலாம்.

"சும்மா உக்காந்திருக்கறதுக்கு இதத் தொலிங்கக்கா. வேல கெடக்குது."

அக்கா திகைத்துப்போனார். ஆனால் பிறந்ததில் இருந்து காட்டில் பாடுபட்ட கை, மடியில் முறம் இருந்தால் சும்மா இருக்குமா? ஒரு காயை உடைத்தார். இன்னொன்று உடைத்தார். "காய் நல்லாத் தெரண்டிருக்குதே, போன வருசத்துதா?" என்றார். பேச்சு விதைக்குப் போனது, விதையில் இருந்து மழைக்கு, மழையில் இருந்து தேங்காய்க்கு வந்த வண்டுக்கு. கை வேலையில் இருந்தால் எங்கள் ஊர் வாய் தானாகவே மழைக்குப் போய்விடும். இது எனக்கு அன்றுவரை தெரியாது.

கொஞ்ச நேரத்தில் இவர் தூணை விட்டு நகர்ந்து வந்தார். சாக்கில் இருந்து ஒரு பிடி காயை எடுத்து முன்னால் குவித்துக்கொண்டு தொலிக்க ஆரம்பித்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். விசாரிக்க யார் வந்தாலும் "வாங்க" என்பேன், மடியில் ஒரு முறம் வைப்பேன். ஹார்லிக்ஸோடு வந்தவருக்கும் முறம், காரில் வந்தவருக்கும் முறம். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற ஒரு சம்பந்தி வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியில் தூசி பட்டுவிடும் என்று நெளிந்தார். அவருக்குப் பெரிய முறமாகக் கொடுத்தேன். "சென்னியப்பன் பொண்டாட்டி ஒறம்பரைகிட்ட வேல வாங்கறா" என்று கிணத்துக்கடவு சந்தையில் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். கொஞ்சம் பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். உண்மையான அன்பு உள்ளவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். காளிச்சாமி மாமாவும் கடைசியில் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்ற யாரையும்விட அதிகமாகப் பருப்பின் தோலை உரித்துக் கெடுத்தவர் அவர்தான்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். மோட்டார் சத்தம் கேட்டால் இவர் கை நின்றுவிடும். சில நாள் தொலிக்க வராமல் உர மூட்டை அறைக்கே போய்விடுவார். அன்றைக்கு நான் ஒரு முறத்தோடு போய் அந்த அறை வாசலில் உட்கார்ந்துகொள்வேன், ஒன்றும் கேட்கமாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அந்த டாக்டருக்குத்தான் தெரியும். முறத்தைப் பற்றிச் சொன்னபோது அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

விதைக் காய் ஏறக்குறைய முடிகிற சமயம் ஒரு மத்தியானம் ரைஹான் வந்தான். யூனுஸின் தம்பி. கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான். தென்னை மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றான். முன்வாசலில் நாங்கள் நாலு பேர்: இவர், நான், காளிச்சாமி மாமா, நஞ்சம்மாள் அக்கா. எல்லோருடைய கையும் நின்றுபோனது. இவர் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து உள்ளே போய்விடுவாரோ என்று பார்த்தேன். எழவில்லை. எழ முடியவில்லையோ என்னவோ.

"வாங்க தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் டீ வைக்க ஓடினேன். எல்லோருக்கும் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். பழக்கத்தில் இவர் பக்கத்திலும் ஒரு டம்ளர் வைத்தேன். முறம் கொடுக்க மனம் வரவில்லை. கேட்பதற்கு உலகத்தில் யாருக்காவது உரிமை இருக்கிறது என்றால் அது இவனுக்குத்தான். இவன் கேட்டால் நான் எந்த வாயால் தடுப்பேன்?

ரைஹான் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "எனக்கொரு மொறம் குடுங்கக்கா" என்றான்.

கொடுத்தேன். தொலிக்க ஆரம்பித்தான். பத்துக் காய் உடைத்திருப்பான். காளிச்சாமி மாமாவால் பொறுக்க முடியவில்லை.

"ரைஹானு, நீ கேக்கோணும்னா கேட்டுரு சாமி. சென்னி சொல்லுவான்."

என் கையில் இருந்த முறத்தை அவர் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. ஆனால் ரைஹான் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"கேக்க வர்லீங்க. கேக்கறவங்ககிட்ட இருந்து தப்பிச்சு வந்திருக்கறனுங்க. ஊட்டுலயும் கேக்கறாங்க, கடைலயும் கேக்கறாங்க. அண்ணன எப்புடி எடுத்தாங்க, மொகம் எப்புடி இருந்துச்சு. அம்மாவும் ஒவ்வொருத்தருக்கா ஒக்காந்து சொல்லுது. சென்னியண்ணன் ஊட்டுக்குப் போனா கல்லக்கா தொலிக்கச் சொல்லுவாங்க, வேற ஒண்ணும் கேக்க உடமாட்டாங்கன்னு ஒருத்தரு சொன்னாரு. அதான் வந்தன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தப் பையனைப் பார்த்து நாங்கள் பயந்துகொண்டு இருந்தோமே என்று இருந்தது. மாமா குனிந்து தன் முறத்தைப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். யாரும் கேட்கவில்லை.

"அவன் ஒடனே போகல, ரைஹான்."

அந்த வழவழப்பான குரல் இல்லை இது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார். கை மட்டும் காயை உடைத்துக்கொண்டே இருந்தது.

"கல்லுக்கு அடியில இருந்து பேசீட்டிருந்தான். வலிக்கலன்னான். மேல… கல்லு சரியறதுக்கு முன்னாலயே டீ வந்திருச்சுன்னு கூப்ட்டாங்க. இதோ வாரம்னு சொன்னம். அப்பறந்தான் சரிஞ்சுது. உள்ள இருந்துட்டு அவன் சொல்றான்… மாப்ள, என்ற டீ ஆறிப்போயிரும், நீயே குடிச்சுருன்னு. சிரிச்சான். நானும் சிரிச்சன். வண்டி வருதுடா, ரெண்டு பேரும் மேல போய்க் குடிக்கலாம்னு சொன்னன். அதுக்கு அவன் பதில் சொல்லல." ஒரு காய் அவர் விரலில் நசுங்கியது. "பதில் வராதுன்னு தெரிஞ்சும் நா பேசீட்டே இருந்தன். வண்டி வர்ற வரைக்கும் பேசீட்டிருந்தன்."

என் நாக்கின் நுனியில் எத்தனையோ வந்தது. உங்க தப்பு இல்லீங்க, விதிங்க, அழாதீங்க. ஒன்றையும் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் இருந்த டம்ளரைத்தான் பார்த்தேன். வந்தவர் ஒவ்வொருவருக்கும் டீ ஊற்றினேனே, ஒவ்வொரு தடவையும் அவர் முன்னால் ஒன்று வைத்தேனே. நான் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ரைஹான் அழுதான். சத்தம் இல்லை, கண்ணீர் அது பாட்டுக்கு முறத்தில் விழுந்தது. இவரும் அழுதார், கிணற்றில் இருந்து வந்த பிறகு முதல் தடவையாக. நஞ்சம்மாள் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் யாரையும் தேற்றவில்லை.

பிறகு ரைஹான் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணன் அப்புடித்தான். எங்கூட்டுலயும் டீ ஆறிப்போச்சுன்னாச் சத்தம் போடும்." டம்ளரை எடுத்து இவர் கைக்குப் பக்கத்தில் நகர்த்தினான். "உங்களுக்குன்னு சொல்லீட்டுத்தான போயிருக்குது. குடிங்கண்ணா."

"ஆறிப்போச்சே, சுட வெச்சுத் தர்றனுங்க" என்று எழப்போனேன்.

"வேண்டாம் கோகிலா. இருக்கட்டும்."

இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் கடலைக்காய் மேல் சிந்தியது. மீதியை மெதுவாகக் குடித்து முடித்தார்.

காளிச்சாமி மாமா தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் தன் முறத்தில் இருந்து ஒரு பிடி காயை அள்ளி ரைஹான் முறத்தில் போட்டார்.

"ஏஞ்சாமி, இந்த வருசம் மழ வருமா?" என்று கேட்டார்.